இருநூற்றுப் பன்னிரண்டு

திங்கட்கிழமை காலை, ஆலயத்தின் மாடிப்படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து அந்த மரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்கு கடிதங்கள், ஒரு சாக்லேட் தாள், ஏதோ ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. பெட்டியின் மேல் 'அன்புள்ள அக்கா' என்று எழுதியிருக்கும். எங்கள் சபை மாதாமாதம் வெளியிடும் பத்திரிகையில் எல்லாரும் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். பாஸ்டரின் தலையங்கம் அதற்கு முன்னால் இருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்பைத் தாண்டுவதுபோல அதை எல்லாரும் பக்குவமாகத் தாண்டிப் போகிறார்கள். காதல், நிச்சயம், கணவன், மனைவி, உடைந்த மனசு, உடையப் போகிற மனசு, எதுவானாலும் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடலாம். அக்கா வேதத்தின்படி பதில் சொல்வார்.

அந்த அக்கா நான்தான்.

நிஜமான அக்கா ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். இருபது வருடம் அந்தப் பக்கத்தை எழுதியவர். மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனார். "ஒரு மாசம் மட்டும் சமாளி தம்பி. நீதானே பிழை திருத்துற, அவங்க நடை உனக்குத் தெரியுமே" என்றார் பாஸ்டர். பிறந்த குழந்தை இப்போது நடக்கிறதாம். நான் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். வயது இருபத்தொன்று, வேதியியல் கடைசி வருடம், ஒரு பெண்ணோடு சேர்ந்து தேநீர் குடித்த அனுபவம்கூடக் கிடையாது. இந்தத் தகுதிகளோடு, பேரன் எடுத்த பெண்மணிகளை 'என் அன்புத் தங்கையே' என்று அழைத்துக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொடுக்கிறேன்.

ஒரே ஒரு வசதி, இடம் போதாது என்பதால் வசனத்தை முழுதாக அச்சிட மாட்டோம். அதிகாரமும் எண்ணும் மட்டும்தான். ஒருமுறை, கணவர் தன்னோடு பேசுவதே இல்லை என்று எழுதிய ஒருவருக்கு நான் அதிகாரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் எடுத்துப் பார்த்தால், யார் யாரைப் பெற்றான் என்ற நீண்ட வம்ச வரலாறு. மறுமாதம் நன்றிக் கடிதம் வந்தது. "அக்கா, நீங்கள் சொன்னதன் ஆழம் புரிந்தது. இத்தனை பேரும் பேசாமலா இருந்திருப்பார்கள்? நானே முதலில் பேசினேன்." அன்றிலிருந்து எனக்குக் கடவுள்மேல் நம்பிக்கையும் வாசகர்கள்மேல் பயமும் ஒருசேரக் கூடிவிட்டன.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாவது கடிதத்தைப் பிரித்தபோது கால் மரத்துப்போனது. குனிந்து உட்கார்ந்திருந்ததால்கூட இருக்கலாம்.

"அக்கா, எனக்கு இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். அவர் நல்லவர், சபையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கோபம் வந்தால் மட்டும் வேறு ஆள். என் போனைச் சுவரில் அடித்தார். கடைக்கு வந்தவர் யாரிடமோ சிரித்துப் பேசினேன் என்று பேருந்து நிறுத்தத்தில் வைத்து மணிக்கட்டை முறுக்கினார். அப்புறம் முழங்காலில் நின்று அழுவார். நிஜமாகத்தான் அழுகிறார் அக்கா, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்பார். நான் பெருக்கிப் பார்த்தேன். 490. இரண்டு வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். 212 ஆகிவிட்டது. மிச்சம் 278ஐயும் கல்யாணத்துக்கு அப்புறம் மன்னித்து முடிக்க வேண்டுமா? அதற்கு முன்னால் போகலாமா? வேதத்தில் உள்ளபடி சொல்லுங்கள். நான் ஒழுங்காக நடக்கத்தான் ஆசைப்படுகிறேன்."

278இன் நடுவில் இருந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருந்தது.

அந்த ஏழு எனக்குத் தெரிந்த ஏழு. எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு பலகை உண்டு. அன்றைக்குப் பாடப் போகும் பாட்டுகளின் எண்களை அட்டை அட்டையாக அதில் செருகுவோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய அட்டைகள் கரையான் வாய்க்குப் போனபோது, புது அட்டை வெட்டிக் கறுப்பு பெயிண்டில் எண்கள் எழுதியது பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண்குரலில் பாடும் பெண். ஆல்ட்டோ குரலுக்கு எங்கள் சபையில் ஒரே ஆள் அவள்தான் என்பதால் பெயரே ஆல்ட்டோ ஆகிவிட்டது. வேலை ஒரு கண்ணாடிக் கடையில். எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்கும் வேலை. அதனால் கடைசி வரிசைப் பெரியவர்கள் ஒன்றையும் ஏழையும் குழப்பிக்கொண்டு வேறு பாட்டைத் திறந்துவிடுகிறார்கள் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். "ஏழுக்கு பெல்ட் போட்டுட்டா போச்சு" என்று தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தாள். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எனக்கு வந்த வியாதிக்குத் தேதி கேட்டால் அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வேன்.

ஞாயிறுதோறும் பின்னால் சவுண்டு மேசையில் உட்காருவது என் இன்னொரு ஊழியம். ஆல்ட்டோ என்பது தனியாகக் கேட்காத குரல். இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் பாட்டு ஒரு கால் இல்லாத நாற்காலி மாதிரி ஆடும். ஆனால் என் மேசையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஹெட்போனில் அந்த மைக் மட்டும் கேட்கும். அவளுடையது நாலாம் நம்பர். இருநூறு பேர் கும்பலாகப் பாட்டைக் கேட்கும்போது நான் ஒருத்தன் மட்டும் அவள் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு இழுப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இது பாவமா என்று அக்காவுக்கு எழுதிக் கேட்கலாம். அக்கா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும்.

மாப்பிள்ளையையும் எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசை. நன்றாகப் பாடுவார், கர்த்தர் தனக்குச் செய்ததை அதைவிட நன்றாகச் சாட்சி சொல்வார். யாருக்கு நாற்காலி வேண்டுமானாலும் முதலில் எழுந்து கொடுப்பவர் அவர்தான். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒருமுறை தட்டினார். இரண்டு நாள் வலித்தது. அன்பின் வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பதில் இரண்டு பக்கம். ஒரே மூச்சில் வந்தது. இன்றே விலகு, திரும்பிப் பார்க்காதே, உன்னைக் கண்ணின் மணிபோல வைத்துக்கொள்ள நல்ல உள்ளங்கள் உன் சபையிலேயே உண்டு, கொஞ்சம் பின்பக்கமும் பார். சவுண்டு மேசை இருக்கும் திசையை அம்புக்குறி போட்டுக் காட்டாததுதான் பாக்கி. படித்துப் பார்த்தேன். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் கை கூசியது. கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டாவது எழுதினேன். இது பழைய அக்காவின் பாணி. ஜெபியுங்கள், பொறுமையாயிருங்கள், கர்த்தர் அவர் இருதயத்தை மாற்றுவார். எட்டே வரி. யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் என் சொந்த அக்கா அதைப் படித்துக்கொண்டு நிற்கிறாள்.

அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி போடும்போதும் திட்டும்போதும் ஒரே நிதானம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒற்றைப் பெட்டியோடு புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வந்தாலும் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறாள்.

"டேய், அந்தப் பொம்பள நீதானா?"

"எந்தப் பொம்பள?"

"நடிக்காத. 'என் அன்புத் தங்கையே'. த்தூ. எத்தனை மாசமா?"

"பதினாலு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் ஒரு தடவ எழுதினேன்டா. அப்ப அந்த நர்ஸக்கா. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் இருக்கும்."

"நீயா? என்ன பதில் வந்துச்சு?"

"இதே பதில்தான். அப்படியே உரிச்சு வச்சிருக்க. பொறுமைக்கு அப்புறம் கமா, அதுகூட அங்கயே இருக்கு." தாளை மேசையில் வைத்துத் தண்ணீர்க் குவளையை அதன்மேல் வைத்தாள். "படிச்சிட்டு இன்னும் ரெண்டு வருஷம் இருந்தேன்."

எனக்கு அந்த இரண்டு வருடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஞாபகம் வந்தது. அவளுடைய அறையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கால்பந்துக்காரர்களின் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தக்கா மேல கோபமா?"

"அவங்க கெட்டவங்க இல்லடா. பயந்தவங்க. ஒரு கல்யாணத்த ஒடைச்சாங்கன்னு நாளைக்கு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம். நான் கேட்டது பொறுத்துக்கணுமா வேணாமான்னு இல்ல. வெளிய வந்தா நிக்க எடம் இருக்கான்னு. அதுக்கு யாரும் பதில் சொல்லல." போகத் திரும்பியவள் நின்றாள். "குப்பையில கெடந்ததையும் ஒட்ட வச்சுப் படிச்சேன்."

"அடுத்தவங்க குப்பையக் கிளறுறது..."

"யாருடா அந்தப் பொண்ணு?"

"பேரு போடல."

"நான் அவ பேரக் கேக்கல, உன் மூஞ்சியக் கேக்குறேன். அந்த ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தன் வரிக்கு வரி தல சீவிக்கிட்டு நிக்கிறான். அவ ஒருத்தன்கிட்ட இருந்து தப்பிக்க வழி கேக்குறா. நீ வாசல்ல இன்னொருத்தன நிறுத்தி வைக்கிற."

அவள் போய்விட்டாள். நான் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு குவளைக்கு அடியில் இருந்த எட்டு வரியையும் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது பதிலுக்கு நான்கு நாள் ஆனது. வேதத்தை நான் இதுவரை பிழை திருத்துகிறவன் மாதிரிதான் படித்திருந்தேன். எண் சரியா, எழுத்து சரியா, அவ்வளவுதான். இந்தமுறை தொலைத்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி படித்தேன். கல்லூரிப் பேருந்தில், ஆய்வகத்தில் கரைசல் நிறம் மாறக் காத்திருக்கும் நேரத்தில், கேன்டீனில் நண்பர்கள் "என்னடா, பாஸ்டர் ஆகப் போறியா, இல்ல ஃபெயில் ஆகப் போறியா" என்று கேட்கக் கேட்க. கடைசியில் எழுதினது இதுதான்.

"என் தங்கையே, எண்ணுவதை நிறுத்திவிடு. அந்த எண் எண்ணி முடிப்பதற்காகச் சொல்லப்பட்டதல்ல. மன்னிப்பது உன் மனதின் வேலை. அதைச் செய்ய அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நீ நிற்க வேண்டியதில்லை. கண்ணீர் வேறு, மனம் திரும்புவது வேறு. திரும்பியவர் வேறு வழியில் நடப்பார், இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அதே வழியில் வரமாட்டார். இயேசுவை ஒருமுறை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். அவர் அவர்களை வெறுக்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருக்கவும் இல்லை. நடுவே நடந்து போய்விட்டார். லூக்கா 4:30. நிச்சயத்தை நிறுத்துவது பாவம் அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் நிச்சயம் என்று ஒன்றை வைத்திருப்பதே நின்று யோசிக்கத்தான்."

பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை பாடல் பயிற்சிக்கு முன்னால் மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் கொதித்த மாலையில் ஆல்ட்டோ முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மைக் தண்டை இடது கையால் பிடித்தாள். வலது கைக்காரி.

"தம்பி, பத்திரிக எப்ப வரும்?" எட்டு மாதம் மூத்தவள். அந்த எட்டு மாதத்தை எட்டு வருடம் மாதிரி நடத்துவாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம."

"அதுக்கு அடுத்த வாரந்தானே கல்யாண அறிவிப்பு வாசிக்கிறாங்க?"

"ஆமா." எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். யாருக்கும் இருந்ததில்லை.

அவள் மைக்கின் கழுத்தைத் திருகி உயரத்தைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி திருகினாள். "அந்த அக்கா நெசமாவே இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நல்லவங்களா?"

"சுமார்தான்."

அவள் சிரித்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது, நாலாம் நம்பர் திறந்திருந்தது. அந்தச் சிரிப்பு ஒருமுறை நேராகவும் ஒருமுறை சின்னதாக என் கழுத்துக்குக் கீழேயும் கேட்டது. சொல்லிவிடலாமா என்று இருந்தது. அந்த அக்கா நான்தான், உன் மணிக்கட்டை எனக்குத் தெரியும், பெயிண்ட் டப்பா நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி. வாயைத் திறந்து, "ஒன் டூ த்ரீ சொல்லுங்க, லெவல் பாக்கணும்" என்றேன். சொன்னாள்.

அன்றே பாஸ்டர் அறைக்குப் பக்கங்களைக் கொண்டுபோனேன். சிவப்புப் பேனாவோடு படிப்பது அவர் வழக்கம். என் பதிலில் பேனா நின்றது. எழுந்து வேதத்தை எடுத்து லூக்காவைத் திறந்தார். படித்தார். மேலே நாலு வசனம் போய் மறுபடி கீழே வந்தார்.

"இத யாரும் கல்யாண விஷயத்துக்கு எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லையே தம்பி."

"இல்லாததையா பாஸ்டர் எழுதிட்டேன்?"

"இருக்கு, இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபைல சத்தம் வரும். பெரியவங்க வந்து உக்காருவாங்க."

"அக்காமேலதானே வரும். அவங்கதான் வெளிநாட்டுல இருக்காங்களே."

அவர் சிரிக்கவில்லை. "இத எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"பேரு போடல பாஸ்டர்."

"நான் அதக் கேக்கல." என் முகத்தையே பார்த்தார். வெளியே பயிற்சி ஆரம்பித்திருந்தது. நான்கு குரலும் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தன. பாஸ்டர் குனிந்து, என் பதிலுக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி சேர்த்தார். 'இந்த மகள் எந்த நேரமும் பாஸ்டரம்மாவிடம் வரலாம். தங்க அறை உண்டு.' பிறகு, தன் தலையங்கத்தில் ஆறு வரியை அடித்து அதற்கு இடம் உண்டாக்கினார். யாரும் கவனிக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் வாசலில் பத்திரிகை கொடுத்தார்கள். ஆல்ட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டு பாடகர் வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள். நான் நாலாம் நம்பரை அழுத்தினேன். தாள் புரளும் சத்தம். இன்னொரு தாள். பிறகு சத்தமே இல்லை. ஆலயம் முழுக்கக் குழந்தைகள் அழ, நாற்காலிகள் இழுபட, என் காதில் மட்டும் ஒருத்தி மூச்சு விடாமல் படிப்பது கேட்டது. மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளை யாருக்கோ எழுந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் என் அக்கா பத்திரிகையை விரித்து வைத்திருந்தாள். முகம் தெரியவில்லை. முதல் பாட்டு தொடங்கியது. ஆல்ட்டோ எல்லா வரிக்கும் வழக்கத்தைவிட அரை நொடி முன்னாலேயே மூச்சு இழுத்தாள். எங்கோ கிளம்புகிறவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் கல்யாண அறிவிப்புகளை வாசித்தார். இரண்டு ஜோடி. அவள் பெயர் வரவில்லை. ஆலயத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மூன்றாவது வரிசையில் ஓரிடம் காலி. பாடகர் வரிசையில் ஓரிடம் காலி. ஆல்ட்டோ பாஸ்டரின் வீட்டில், பாஸ்டரம்மாவோடு, மூன்று நாள் இருந்தாளாம். பிறகு வேறு ஊரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாளாம். அங்கேயும் கண்ணாடிக் கடை வேலைதானாம். இதெல்லாம் என் அக்கா கேட்டுவந்து சொன்னாள். அன்றைக்கு அவள் தூணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மரப்பெட்டியில் ஆல்ட்டோவின் கடிதம் ஒன்று வரும் என்று நான் இரண்டு திங்கட்கிழமை குனிந்து பார்த்தேன். மாமியார் பற்றி மூன்று, காதலன் பதில் எழுதாதது பற்றி ஒன்று. அந்த ஒன்றுக்கு அக்காவால் பதிலே எழுத முடியவில்லை.

அவள் செய்துவந்த, பாட்டு எண்களைச் செருகும் வேலையும் இப்போது என் தலையில். போன ஞாயிறு முதல் பாட்டு நூற்று எழுபத்தொன்று. அட்டைப் பெட்டியைத் திறந்து ஒன்று எழுதிய அட்டைகள் இரண்டை எடுத்தேன். ஏழு அடியில் கிடந்தது. பெல்ட் போட்ட ஏழு. எடுக்கும்போது கை தவறிப் புரண்டது.

பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, இப்படிக் கட்டுக் கட்டாக, விளிம்புவரை. ஞாயிறுதோறும் அந்த அட்டையைத் தொடுகிறவள் அவள் ஒருத்தி. திருப்பிப் பார்க்க யாருக்கும் எந்தக் காரணமும் இருந்ததில்லை. ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணினேன். நாற்பத்திரண்டு கட்டு. அப்புறம் தனியாக இரண்டு கோடு.

மூன்றாவது கோட்டுக்கு இடம் இருந்தது. அங்கே, பென்சில் முனையை வைத்துவிட்டு எடுத்ததுபோல, ஒரு புள்ளி.

அட்டையைப் புள்ளி பலகையில் படும்படி, ஏழு வெளியே தெரியும்படி செருகினேன். பின்னால் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி நாலாம் நம்பரை அழுத்தினேன். மின்விசிறி சுற்றுவது கேட்டது. கடைசி வரிசைப் பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு, சரியான பக்கத்தைத் திறந்தார்கள்.